குனிய மறுத்த ஃபோர்க்

தாரணியின் மாமா சதீஷ்குமாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால், உடனே அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிடுவார்.

அவர்தான் நாமக்கல்லில் இருந்து அவளுக்கு ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கி வந்தார். அதன் முன் சக்கரத்தை இரண்டு தடித்த கால்கள் பிடித்திருந்தன. அதற்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே காற்று அடைத்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் ஃபோர்க் அமுங்கி எழும். கைக்கு வர வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளும்.

"காத்து எவ்வளவு வெக்கோணுங்க மாமா?" என்று தாரணி கேட்டாள்.

"அங்கதான் கண்ணு வித்தையே இருக்குது! ஓட்டறவங்க எடைக்குத் தக்கன வெக்கோணும். ஹெல்மெட், பை எல்லாம் மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்து பாக்கோணும்."

சொன்னதோடு மாமா நிற்கவில்லை. தாரணியின் ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் வைத்தார். அது உச்சியில் கொட்டாங்குச்சி கவிழ்த்ததுபோல் நின்றது. அவளுடைய பள்ளிப் பையையும் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் முனகியது.

ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது மேலே நகர்ந்து நிற்கும். மாமா இறங்கி வளையத்தைப் பார்ப்பார். கைப்பம்பால் காற்றடிப்பார். வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறுவார். வேர்த்து ஒழுகிய பிறகு, "துல்லியம்!" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"சதீசு, அந்தத் தொப்பியக் கழட்டுடா. கோழியெல்லாம் மிரளுது," என்றாள் தாரணியின் அம்மா கவிதா.

சைக்கிள் போட்டிக்கு ஆள் எடுக்க, பள்ளியில் சின்னக்கண்ணு சார் வரும் சனிக்கிழமை ஒரு சோதனை வைப்பதாக இருந்தார். மேட்டில் இருந்து இறங்கும் கல்லுப் பாதையில் கால் ஊன்றாமல் வர வேண்டும். வந்தவர்கள்தான் மறுநாள் போட்டியில் குண்டூர் நாட்டுக்காக ஓட்ட முடியும். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எதிர்த்து வருவது பெரக்கரை நாட்டுப் பிள்ளைகள். தாரணி ஒரு மாதமாக அதே நினைப்பாக இருந்தாள்.

ஆனால் பயிற்சிக்காக அந்தப் பாதையில் இறங்கிப் பார்த்தால், சைக்கிள் ஆட்டுக்குட்டிபோல் துள்ளியது. ஒவ்வொரு கல்லும் முழங்கைவரை இடித்தது. பாதி வழியிலேயே கால் ஊன்ற வேண்டியதாயிற்று.

"இறுக்கிப் புடிக்காதடி," என்றாள் அவள் தோழி பூங்குழலி.

"புடிக்காட்டி சைக்கிள் ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்!"

வெள்ளிக்கிழமை மாலை, சிவந்துபோன உள்ளங்கைகளோடு தாரணி வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு சைக்கிள் வராதும்மா. எம்பேர எடுத்தறச் சொல்லி சார்கிட்ட சொல்லீருங்க."

அம்மா அந்தக் கைகளைத் தடவிப் பார்த்தாள். "சொல்லிக்கலாம் சாமி. இப்ப காட்டுல கெழங்கு கெடக்குது. அதுல தூக்க முடிஞ்சதக் கொண்டாந்துரு. மீதிய நான் எடுத்தாரேன்."

தாரணி வயலுக்குப் போய், அரை மூட்டை மரவள்ளிக்கிழங்கை ஹேண்டில்பாரின் மேல் குறுக்காக வைத்துக் கட்டினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அதுவும் கல்லுப் பாதைபோல் கரடுமுரடான வழிதான். ஆனால் முன் சக்கரம் துள்ளவில்லை! கல்லில் ஏறும்போது ஃபோர்க் பதமாகக் குனிந்து, பதமாக நிமிர்ந்தது.

தாரணி நின்றாள். மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு வேலிக்காலைப் பிடித்தபடி சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கிப் பார்த்தாள். வளையம் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

ஃபோர்க் நல்ல ஃபோர்க்தான். அது மாமாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மாமா டீக்கடையில் இருந்தார். அவர் காற்றழுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எழுந்துபோக வழியில்லாமல் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாரணி அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். மனசு வரவில்லை.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க," என்று தனியாகக் கூப்பிட்டாள். "இன்னொருக்கா காத்து பாக்கலாங்களா?"

"நாந்தான் துல்லியமா வெச்சிருக்கனே கண்ணு!"

"ஆமாங்க மாமா. உங்களுக்குத் துல்லியமா இருக்குது. ஓட்டறது நானுங்களே?"

மாமா அவளைப் பார்த்தார். பிறகு தன் தொப்பையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அந்த வீடியோக்காரன் இத வெளக்கமாச் சொல்லவே இல்ல பாரு!" என்றார்.

வீட்டு வாசலில் அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். தாரணி ஹெல்மெட்டும் பையும் மாட்டி ஏறினாள். மாமா காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். புஸ்... புஸ்... ஒரு தடவை அதிகமாகப் போய்விட, ஃபோர்க் குப்புற விழுவதுபோல் அமுங்கியது.

"கொஞ்சம் அடிங்க மாமா. இன்னும் கொஞ்சம். போதுங்க!"

மறுநாள் கல்லுப் பாதையின் மேட்டில் நின்று தாரணி ஃபோர்க்கை ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். பெடலை மிதித்தாள். முதல் கல் வந்தது. ஃபோர்க் குனிந்தது, நிமிர்ந்தது. அடுத்த கல். வேர்முடிச்சு. மழைநீர் அரித்த பள்ளம். சக்கரம் தரையை விடவே இல்லை. கீழே சார் நின்ற இடத்தைத் தாண்டித்தான் அவள் கால் மண்ணில் பட்டது.

"நாளைக்கு வந்துரு தாரணி! குண்டூர் நாட்டுல நீயும் ஒருத்தி!" என்று சார் கத்தினார்.

பூங்குழலி ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே தாரணி திரும்பிப் பார்த்தாள். அதற்குள், வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமா கையில் பம்போடு போய், பக்கத்து வகுப்பு பிரேமின் சைக்கிளைப் பிடித்துவிட்டார்.

"மொதல்ல நீ ஏறி உக்காரு சாமி. யாரு ஓட்டறாங்களோ அவங்க எடைதான் கணக்கு. இது கொல்லிமலையிலயே நான் ஒருத்தன் கண்டுபுடிச்சதாக்கும். கேட்டுப் பாரு! என்ன தாரணி?"

தாரணிக்குத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ஆமாங்க மாமா," என்று சொல்லிவிட்டு, பிரேமின் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொள்ளப் போனாள்.