ஊதினால் தெரியும் பெயர்

முந்தின நாள் தன் கையாலேயே தேய்த்து அழித்த பெயர், இன்று மதியம் ஊதிப் பார்த்தபோது மறுபடியும் குவளையின் வயிற்றில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை ஊதினார். மூச்சு பட்ட இடத்தில் வெள்ளி மங்கியது. அந்த மங்கலுக்கு நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து ஒரு குழந்தையின் பெயராகச் சேர்ந்தன. ஈரம் உலர்ந்ததும் போய்விட்டன. "சனியனே" என்றார் வாய்விட்டு.

பழைய வெள்ளிச் சாமான் சேர்க்கிறவர்களுக்கு இந்த ஊதல் புதிதல்ல. யாரோ ஒருவரின் பெயர் வெட்டிய தட்டையோ கிண்ணத்தையோ காசு கொடுத்து வாங்க எவருக்கும் மனம் வராது என்பதால், விற்கிறவர்கள் பெயரைத் தேய்த்துவிடுவார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெட்டு விழுந்த இடம் மட்டும் எதையும் மறப்பதில்லை, ஊதினால் காட்டிக்கொடுத்துவிடும். அவரே எத்தனையோ பெயர்களை அழித்திருக்கிறார். எவர் வீட்டுப் பெயர் என்று ஒருநாளும் யோசித்தது கிடையாது. ஒரு பெயரும் இப்படி அவரோடு மல்லுக்கு நின்றதும் கிடையாது.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று சம்பாதித்ததில் பாதியை அவர் வெள்ளியில் கொட்டியிருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க மெழுகுவர்த்தித் தாங்கிகளும் உப்புச் சிமிழ்களும் கரண்டிகளும் பரப்பிக் கிடக்க, வீட்டு மனிதர்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்படி மடியில் வைத்துச் சாப்பிட்டே வளர்ந்த ஒரே மகளுக்கு வெள்ளி என்றாலே பற்றிக்கொண்டு வரும். அந்த மகள்தான் போன வாரம் குழந்தையோடு வந்திறங்கியதும், "அப்பா, பாப்பா பிறந்த நாளைக்கு உங்க சாமான்ல இருந்து ஏதாவது ஒண்ணு குடுங்களேன், அவ பேர் போட்டு" என்று கேட்டாள். மனுஷன் உருகிப்போய்விட்டார். இருப்பதிலேயே அருமையானதை எடுத்தார். ஒற்றைக் காது வைத்த சின்னப் பால் குவளை. விளிம்பில், யாரோ ஒரு குழந்தை பல் முளைக்கும் நாளில் கடித்த தடம் அப்படியே இருந்தது.

நாளைக்குப் பிறந்த நாள். பெயர் வெட்டித் தருகிற பட்டறைக்காரரோ குவளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"சார், பழசு தெரியுது சார். அது மேல புதுசை வெட்டினா ரெண்டும் கலந்து கண்றாவியா இருக்கும்" என்றார் போனில். "சுத்தமா எடுத்துட்டு, கடை சாத்தறதுக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா என்னை விட்டுடுங்க."

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மகளும் அவளும் கேக் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, யாரோ பெத்த பிள்ளையோட பேரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. வேற குவளையா இல்ல இந்த வீட்டுல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போயிட்டு வா."

"எனக்குத் தெரியவே வேண்டாம். பாப்பா தூங்கறா, சளி பிடிச்சிருக்கு. எழுந்தா தூக்கிக்கோங்க. வெள்ளியைத் தேய்ச்ச கையைக் கழுவிட்டுத் தூக்குங்க."

கதவு சாத்திய பிறகு வீடு அமைதியானது. அடுத்த அறைத் தொட்டிலிலிருந்து மூக்கடைத்த பாப்பாவின் மூச்சு மட்டும், பூனை உறுமுவது போல, கொர் கொர் என்று வந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையில் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது. மெருகுப் பொடியின் மண் வாசனையும் எண்ணெய் ஊறிய துணியின் வாசனையும் கலந்த அந்த மேசையில், குனிந்த அவருடைய முகத்தை எல்லாச் சாமான்களும் தங்கள் தங்கள் வளைவுக்கு ஏற்றபடி நீட்டியும் குறுக்கியும் காட்டிக்கொண்டிருந்தன. மெருகு மோட்டாரைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும் என்று அவர் கையாலேயே தேய்த்தார். விரல் கன்றி, தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும் வரை தேய்த்தார். ஊதினார்.

பெயர் இருந்தது.

"உன்னை விட்டேனா பார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். ஊதினார். இருந்தது. இன்னும் தெளிவாக இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்றும் கேட்காத பெண் ஒரே ஒரு பொருள் கேட்டிருக்கிறாள், அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்க வக்கில்லையா தனக்கு? குவளையை டொக்கென்று மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினார்.

அப்போது குவளை மங்கியது.

யாரும் ஊதவில்லை. அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். குவளையின் வயிற்றில் பொட்டு அளவுக்கு ஒரு மங்கல் பூத்து, மறைந்து, மறுபடி பூத்தது. சின்னச் சின்னதாக. அவசர அவசரமாக. காற்றில் ஈரம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே விரலால் துடைத்தார். விரலில் ஈரம் ஒட்டவில்லை. குவளைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. புளித்த பாலின் வாசனை மட்டும் முகத்தில் அடித்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு குவளை, கேவலம் ஒரு குவளை, தன்னிடமே விளையாடுகிறதா என்று எழுந்து மூலையிலிருந்த மெருகு மோட்டாரின் சுவிட்சைத் தட்டினார். சக்கரம் வீறிட்டுச் சுழன்றது. பாப்பா எழுந்தால் எழட்டும். குவளையைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். வெள்ளி சுட்டது. விரல்கள் கறுத்தன. தகடு மெலிந்து கட்டைவிரலுக்கு அடியில் காகிதமாக அமுங்கியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், மெலிதாக, வீறிட்டு அழுவது போல எழுந்தது. சக்கரம்தான் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் அழுத்தினார்.

சட்டென்று அழுகை நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

மோட்டாரை அணைத்தார். ஊதினார். மங்கல் பரவியது. சுத்தமாக, வெறுமையாக. எழுத்து இல்லை. இன்னொரு முறை ஊதினார். இல்லை! "ஒழிஞ்சுதுடா!" என்று சின்னப் பையன் போலத் துள்ளினார். பட்டறைக்காரர் கடை சாத்த இன்னும் நேரம் இருந்தது.

செருப்பைத் தேடப் போனவர் நடுவழியில் நின்றார்.

கொர் கொர் சத்தம் இல்லை.

இவ்வளவு இரைச்சலில் குழந்தை எழுந்து அழவில்லை. அதை இப்போதுதான் யோசித்தார். குவளையைக் கையிலிருந்து இறக்கவும் தோன்றாமல் அடுத்த அறைக்கு ஓடினார்.

பாப்பா தொட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. கண் விழித்து. அவரையே பார்த்தபடி.

"அடி கண்ணு, தாத்தா பயந்தே போயிட்டேன்டி" என்று வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாப்பா சிணுங்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. சளியின் சுவடே இல்லை. உடம்பு மட்டும், கழுவி வைத்த பாத்திரம் போலக் குளிர்ந்திருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பேத்தியின் கண்கள்தான். பேத்தியின் மூக்குதான். அவள் சிரித்தாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. கை பழகிய பழக்கம். குவளையை அவள் வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

வெள்ளி பளபளவென்று இருந்தது.

இன்னும் அருகே. உதட்டில் படும்படி. அவள் வாய் திறந்தே இருந்தது. காத்திருந்தார். பளபளப்பு குறையவில்லை. அவருடைய மூச்சுதான் வாங்கியது.

பிறகு, அவர் கைக்குள்ளேயே, குவளை தானாக மங்கியது. மங்கித் தெளிந்தது. மங்கித் தெளிந்தது. ஒவ்வொரு மங்கலோடும் தகட்டுக்கு உள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். கொர். கொர். மூக்கடைத்த சத்தம்.

மங்கலில் எழுத்துகள் எழுந்தன. பழைய பெயர் இல்லை. இன்னும் யாரும் வெட்டாத பெயர். அவர் பேத்தியின் பெயர்.

வாசல் கதவு திறந்தது. பைகள் சரசரத்தன.

"பாப்பா எழுந்துட்டாளாப்பா?" என்றாள் மகள். பிறகு கொஞ்சும் குரலில் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

கையிலிருந்த குவளை துடித்தது. மங்கல் வேகவேகமாக, மேலும் மேலும் வேகமாகப் பூத்தது. தோளில் இருந்தவள் திரும்பவே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து தொங்கிய மெருகுத் துணியை மெல்ல இழுத்தாள். அதை அந்தப் பெயரின் மேல் வைத்தாள். அவர் தேய்ப்பது போலவே, பொறுமையாக, வட்ட வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.