எண்ணாமல் விட்டது

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

பட்டப்பகல்தான், மதியம் மூன்று மணி. திரைச்சீலை வழியே வடிந்த மஞ்சள் வெளிச்சம் மேசைமேல் சோம்பலாகக் கிடந்தது. பக்கத்து அறையில் மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். மருந்து வாடையும் நெற்றியில் போட்ட ஈரத்துணியின் வாடையும் கதவிடுக்கு வழியே மெல்லக் கசிந்துகொண்டிருந்தன. அம்மாவான அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. வீடுகளில் பொருத்தும் சென்சார்களுக்கான ஆப் ஒன்றின் கணக்கைக் கவனிப்பது. கதவு திறந்தால் ஒரு ஈவென்ட், விளக்கு எரிந்தால் ஒரு ஈவென்ட், ஆள் நடந்தால் இன்னொன்று என்று ஆயிரம் ஆயிரம் வீடுகளிலிருந்து வந்து குவியும். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் கணக்கே பூட்டிக்கொள்ளும், எந்த வீட்டில் என்ன நடந்தாலும் தெரியாது. அதைத் தாண்டவிடாமல் பார்ப்பதுதான் அவள் பாடு.

இன்று தேதி இருபது. அதற்குள் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. விழுங்கியது அந்த ஒற்றை வரி. அதன் பெயர், 'நிற்கிறது'. ஒரே வீட்டிலிருந்து, நொடிக்கு ஒன்று.

ஆப் எழுதியவரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, 'நிற்கிறது'ன்னு ஏதாவது ஈவென்ட் போட்டு வெச்சீங்களா?"

"நானே ரெண்டு நாளா உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை. நிக்கறதைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? ஏதோ சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பிளாக் பண்ணிடுங்க. ஒண்ணு மட்டும், பிளாக் பண்ணிட்டா ஒண்ணாந்தேதி வரைக்கும் திறக்க முடியாது."

"பண்ணினா அதோட அடங்கிடுமா?"

"அங்க நடக்கிறது நடந்துட்டேதான் இருக்கும். நாம எண்ண மாட்டோம், அவ்வளவுதான்."

தொண்ணூற்றொன்பதைத் தொட்டது எண். அவள் அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த எண் அப்படியே உறைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். மின்விசிறியின் கிறீச்சைத் தவிர வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

பக்கத்து அறையில் கட்டில் ஒருமுறை முனகியது. பிள்ளை புரண்டு படுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

யார் வீடோ, சொல்லிவைப்போமே என்று விவரத்தைத் திறந்தாள். வீட்டு எண், ஒன்று. முதன்முதலில் சோதித்துப் பார்த்த வீடு. சென்சாரைத் தன் கையாலேயே சுவரில் ஒட்டியிருந்தாள்.

இடம்: மகள் அறை, கட்டிலின் கால்மாடு.

இருபது நாளாக.

"லைட்டை அணைக்காதம்மா" என்று மகள் அடம்பிடித்ததும் இந்த இருபது நாளாகத்தான். செல்லம் கொஞ்சுகிறாள் என்று சிரித்தபடி தினமும் அணைத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

மறுபடி போன் போட்டாள்.

"அண்ணே, திறந்துடுங்க. இப்பவே."

"நான் நினைச்சாலும் முடியாதும்மா. இன்னும் பதினோரு நாள் ஆகும். ஏன், குரல் ஏன் இப்படி…"

போனை வைத்துவிட்டு ஓடினாள்.

மகள் மூக்குவரை போர்த்திக்கொண்டு விழித்திருந்தாள்.

"சுண்டெலி, என்னடா கண்ணு?"

"இத்தனை நாளும் அது அங்கேயேதான் நின்னுச்சும்மா. யாரோ எண்ணிட்டே இருந்தாங்களாம். அதனால அசைய முடியலையாம்."

"யாருடா சொன்னா?"

"அதுதான். இப்பதான் காதுகிட்ட வந்து சொல்லுச்சு."

அறையில் வெயில் பளிச்சென்று இருந்தது. கால்மாட்டில் வெறும் சுவர். கண்ணை எவ்வளவு விரித்தாலும் வெறும் சுவர்தான்.

மகளின் கையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. கட்டிலின் மறுபக்கம், யாரும் இல்லாத பக்கம், மெத்தை மெல்ல அமுங்கியது. மகளின் இன்னொரு கை போர்வைக்குள் நேராக நீண்டிருந்தது. இழுபட்டு.

"அம்மா, விட்டுடாத."

எண்ணினால் நிற்குமோ? "ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

ஒரு விரற்கடை. மகள் அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

"நாலு."

இன்னொரு விரற்கடை.

அவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.