சொல்லிட்டுப் போம்மா!

அம்மா தினமும் காலையில் திருடனைப் போலத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைநடை நடந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்துவாள். எல்லாம் பட்டாணியின் குட்டித் தம்பிக்குத் தெரியக்கூடாது என்றுதான்.

தம்பியா ஏமாறுவான்? கதவு லேசாக முனகினால் போதும், வீடு இரண்டுபடும். கொஞ்ச நாளாக அம்மா குளிக்கப் போனால்கூடக் குளியலறை வாசலில் காவல் இருந்தான்.

அன்றைக்கு அம்மாவின் காலை அட்டைபோலப் பிடித்துக்கொண்டான்.

அம்மா கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள். அதில் மகள் பட்டாணிக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லாத ஆளே பாக்கியில்லை.

"இன்னொரு தடவை லேட்டா வந்தா கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு இன்ஜினீயர் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது. "பேசாம வேலையை விட்டுடவா?"

வீட்டிலேயே துணி தைக்கும் அப்பா, மெஷினை நிறுத்திவிட்டு முயல் பொம்மையோடு வந்தார். "நான் இவனுக்கு வேடிக்கை காட்டுறேன். நீ நைசா நழுவிடு."

பொம்மையைக் கண்டதும் தம்பி இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அப்பா, அதை உள்ள வைங்க!" என்றாள் பட்டாணி. "முயல் வந்தா அம்மா காணாமப் போயிடுவாங்கன்னு அவனுக்குத் தெரியும். அம்மா, நீ சொல்லிட்டுப் போ."

"சொன்னா இன்னும் அழுவானேடி!"

"அழட்டும்மா. ஏமாந்துபோய் அழறதைவிட இது தேவலை."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். "அம்மா வேலைக்குப் போறேன் கண்ணா. சாயங்காலம் நீ பால் குடிக்கிறப்ப வந்துடுவேன்."

தம்பி மூக்கொழுக அழுதான். ஆனால் பிடி தளர்ந்தது. பட்டாணி அவனை இடுப்பில் தூக்கி ஜன்னலருகே நின்றாள். தெருமுனையில் அம்மா திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அன்று சாயங்காலம் டம்ளரில் பால் பாதி இருக்கும்போதே மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அழுகை நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் அம்மா சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, "டைம் ஆச்சு! கிளம்பு!" என்று தம்பியே அவளை வாசலுக்குத் தள்ளினான்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "எப்படிம்மா இப்பல்லாம் எனக்கு முன்னாடியே வந்துடுறீங்கன்னு இன்ஜினீயர் கேட்டாரு. எங்க வீட்டுல உங்களைவிடப் பெரிய இன்ஜினீயர் ஒருத்தி இருக்கா சார்னு சொன்னேன்."

பட்டாணியால் அதற்குமேல் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. வாய் முழுக்கச் சிரிப்பு.