ஐந்தாம் அறைப் பெட்டி

1959, விஜயதசமி. காலை ஏழு பத்து. சித்தூரில் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப் ஸ்டோரைத் திறந்த ஸ்டோர்காரர் தணிகாசலம், சாமான் அடுக்கின் ஐந்தாம் அறையிலிருந்த மரப்பெட்டியைப் பாதி இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சீமையிலிருந்து எட்டு மாதம் காத்திருந்து வரவழைத்த டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் பீய்ச்சும் ஆறு நாசில்களைக் காணோம். பெட்டிக்குள் எண்ணெய் வாடை மட்டும் மிச்சமிருந்தது.

ஏழு ஐம்பது. சப்-இன்ஸ்பெக்டர் கோவர்த்தனன் ஜீப்பிலிருந்து இறங்கினார். நவராத்திரி பந்தோபஸ்து. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல எரிந்தது. இது போதாதென்று சட்டைப் பையில் ஒரு தாள். எல்லை பிரிந்து திருத்தணி மதராஸ் பக்கம் போகப் போகிறது, நீ எந்தப் பக்கம் வேலை பார்க்க விரும்புகிறாய் என்று எழுதிக் கொடு என்று மேலிடம் கேட்டிருந்தது. ஒரு மாதமாக அந்தத் தாள் அவர் வியர்வையைக் குடித்துக்கொண்டிருந்ததே தவிர ஓர் எழுத்தும் ஏறவில்லை.

உள்ளே போனார். ஐம்பத்தைந்து வயது தணிகாசலம் சட்டையில்லாமல் பட்டறைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்றிருந்தார். அவருடைய டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். தயிர்ச்சோறு தரையில் கிடந்தது.

"யார் இவர் சட்டையைக் கழட்டச் சொன்னது?"

"நான்தான் சார்," என்றார் முதலாளி ஆதிநாராயணன். "இருபத்திரெண்டு வருசமா நம்பிக்கினு இருந்தேன். இவரு ஊரு திருத்தணி பக்கம். பார்டர் அந்தாண்ட போவப்போவுது, இவரும் கூடவே போவப்போறாரு. போறப்ப எடுத்துக்கினாரு. இதுல கண்டுபுடிக்க இன்னா இருக்குது? கைல வெலங்கு மாட்டுங்க."

"முதலில் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் பெரியவரே," என்றார் கோவர்த்தனன்.

முதலாளியின் பக்கத்தில் மாப்பிள்ளை சம்பத் நின்றிருந்தான். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. தலை புது மொட்டை, காதுக்குப் பின்னால் சந்தனம் இன்னும் போகவில்லை.

"மரப்பெட்டிதான் வோணும்னு இவரு ஏன் அடம் புடிச்சாருன்னு இப்பதான் சார் புரியுது," என்றான் அவன். "தகரப் பெட்டின்னா தொட்டாலே சத்தம் வரும்."

கோவர்த்தனனுக்கு விளங்கவில்லை. தச்சர் பாலையா முன்னால் வந்து சொன்னார். இத்தனை காலம் கிருஷ்ணாயில் டின்னிலும் கோணியிலும் கிடந்த சாமான்களுக்கு, ஒரே அளவில் இருநூறு பெட்டி செய்வதென்று ஏற்பாடு. மாதிரிக்கு பாலையா பன்னிரண்டு மரப்பெட்டி கொடுத்தார். திருப்பதியில் சம்பத்தின் சிநேகிதன் பன்னிரண்டு தகரப் பெட்டி கொடுத்தான். ஒரு மாதம் இரண்டையும் புழங்கிப் பார்த்து, ஸ்டோர்காரர் சொல்வதுதான் முடிவு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"தகரம் வேர்க்கும்ங்க," என்றார் தணிகாசலம். "மழ நாள்ல நாசில் துரு புடிச்சிக்கும். அதுக்கோசரம்தான் மரம்னு சொன்னேன்."

"நம்ம பெட்டிக்கு முன்ன பின்ன கெடையாதுங்க," என்று பாலையா தன் சரக்கைப் புகழ்ந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே கைப்புடி. எப்டி சொருவினாலும் ஒக்காந்துக்கும். நம்பர் கூட பெட்டில கெடையாது, அடுக்குலதான்."

கோவர்த்தனன் அடுக்கைப் பார்த்தார். இருபத்துநான்கு அறை, இருபத்துநான்கு பெட்டி. முந்தின நாள் ஆயுத பூஜை. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டிருந்தது. ஐந்தாம் பெட்டியில் சந்தனம் மட்டும் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நாற்காலி கேட்டார்.

எட்டு இருபது. விசாரணை.

"சாவி?"

"ஒண்ணே ஒண்ணு. என் அரணாக்கயித்துலதான் இருக்கும்," என்றார் தணிகாசலம். "பூஜையன்னிக்கி மட்டும் ஆபீஸ்ல சாமி தட்டுல வெச்சிடுவோம். நேத்து காலைல பதினோரு மணிக்கு பூட்டி வெச்சேன். இன்னிக்கி காலைலதான் எடுத்தேன்."

"ஆபீஸ் பூட்டியிருந்ததா?"

"சாமி இருக்குதே, சும்மா சாத்திதான் வெச்சோம்," என்றார் முதலாளி. "கேட்டுதான் பூட்டு. சாவி எங்க வூட்டு ஆளுங்ககிட்ட மட்டும்தான். அதனாலதான் சொல்றேன், பூட்டுறதுக்கு முன்னாலியே இவரு எடுத்துட்டாரு."

"பொட்டு வெச்சது?"

"நான்தாங்க," என்றாள் முதலாளியின் மனைவி தாட்சாயணி. "எல்லாத்தியும் அடுக்கினப்புறம் இருபத்திநாலுக்கும் வெச்சேன். தணிகாசலம்தான் கூட நின்னு தட்டு புடிச்சாரு."

"குங்குமம் எதுக்காவது விட்டுப்போச்சா?"

"குங்குமம் இல்லாம யாராவது பொட்டு வெப்பாங்களா? நல்ல கேள்வி கேட்டீங்க போங்க!"

"பூஜைக்கு யாரெல்லாம் வரவில்லை?"

"எல்லாரும்தான் இருந்தாங்க. மாப்ள மட்டும் மலைக்குப் போயிருந்தாரு, மொட்ட வேண்டுதல். ராத்திரி எட்டு மணிக்கு வூட்டுக்கு வந்தாரு. பெருமாள் பிரசாதம்னு ஒரு லட்டு கூட கைல இல்ல. கேட்டா, கூட்டமாம்." மாப்பிள்ளை மேல் அவளுக்கு இருந்த மனத்தாங்கல் அந்தக் 'கூட்டமாம்' என்பதில் வந்துவிட்டது.

"நேராக வீட்டுக்குத்தானே போனீர்கள்?" என்றார் கோவர்த்தனன் சம்பத்திடம்.

"ஆமா சார். ஒர்க்ஷாப் பக்கம் இன்னிக்கி காலைலதான் வந்தேன். வெறுங்கையோட."

எட்டு நாற்பது. கோவர்த்தனன் எழுந்து ஆபீஸுக்குள் போனார். சாமி படத்துக்குப் பக்கத்தில் பீரோ. பீரோவின் மேல், சுவரோரம் தள்ளி, கயிறு போட்டுக் கட்டிய ஓலைக்கூடை ஒன்று. அவர் அதைத் தொடவில்லை. திரும்பி வந்து ஐந்தாம் பெட்டியை முழுதாக வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார்.

பெட்டியின் பின்பக்கம் இன்னொரு பொட்டு. சந்தனமும் குங்குமமும்.

"அம்மா, நீங்கள் வைத்தது எது?"

"இதுதாங்க!" தாட்சாயணி பின்பக்கத்தைத் தொட்டாள். "அப்ப முன்னால இருக்கறது யாரு வெச்சது?"

"திருடினவன்தான். பெட்டியை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் நாசிலை எடுத்தான். திரும்பச் செருகும்போது முன்பின் மாறிவிட்டது. பாலையா பெட்டி எப்படிச் செருகினாலும் உட்காருமே. பார்த்தால் இருபத்துமூன்றில் பொட்டு இருக்கிறது, இது ஒன்று மட்டும் மொட்டையாக நிற்கிறது. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தானே ஒன்று வைத்தான். தணிகாசலமாக இருந்தால், பெட்டி திரும்பியிருக்கிறது என்று தெரிந்து திருப்பி வைத்திருப்பார். கூட நின்று தட்டுப் பிடித்தவர் அவர். நீங்கள் மறந்ததாக நினைக்கக்கூடியவன், பூஜைக்கு வராதவன் ஒருவன்தான்."

கோவர்த்தனன் முன்பக்கத்துப் பொட்டை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காய்ந்த சந்தனத்தில் பொடிப்பொடியாக மயிர்.

"பூஜைச் சந்தனத்தில் இது எப்படி வரும்? அவசரத்துக்கு அவன் தலையில் இருந்ததையே தொட்டு வைத்திருக்கிறான். பஸ்ஸை விட்டிறங்கி, தன்னிடமிருந்த கேட் சாவியோடு நேராக இங்கே வந்திருக்கிறான், வேர்த்து ஈரமாகத்தான் இருந்திருக்கும். பெருமாள் மலைக்குப் போய் மொட்டை போட்டவன் ஒரு விள்ளல் லட்டு கொடுக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் மாமியார் உடனே பிரித்துவிடுவார். பிரசாதக் கூடையைப் போலீஸ்காரன் தொடமாட்டான் என்று ஆபீஸிலேயே வைத்தாயிற்று. நான் தொடத்தான் மாட்டேன். நீங்களே அவிழ்த்துவிடுங்கள் சம்பத்."

சம்பத் அவிழ்த்தான். லட்டுகளுக்குக் கீழே எண்ணெய்க் காகிதத்தில் ஆறு நாசில்கள் பத்திரமாக இருந்தன.

"விக்கறதுக்கு எடுக்கல மாமா," என்று அழுதான் அவன். "தகரப் பெட்டி நம்மளுதுதான்னு சிநேகிதன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். நீங்க ஸ்டோர்காரரு சொல்றதுதான்னுட்டீங்க. இவரு இருக்கற வரிக்கும் இந்தக் கொட்டாயில என் பேச்சுக்கு மரியாத ஏது?"

ஆதிநாராயணன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வெச்சிக்காதீங்க. மரப்பெட்டியே செஞ்சிடலாம், இருநூறும். சாவிய வாங்கிக்குங்க."

தணிகாசலம் ஆறு நாசில்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியைத் திருப்பி, தாட்சாயணி வைத்த பொட்டு முன்னால் வரும்படி ஐந்தாம் அறையில் செருகினார். ஸ்டோரைப் பூட்டிச் சாவியைச் சாமி தட்டிலேயே வைத்தார்.

"நேத்து வரிக்கும் இங்கியே இருந்துடலாம்னுதாங்க நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார். "பார்டர் எங்க வேணா போவட்டும், நமக்கு இதான் ஊருன்னு பொஞ்சாதிகிட்ட கூட சொன்னேன்."

அப்புறம் குனிந்து, தரையில் கிடந்த தயிர்ச்சோற்றைக் கையால் கூட்டி அள்ளி டிபன் பாக்ஸில் போட்டு மூடி எடுத்துக்கொண்டார்.

சம்பத்தை ஜீப்பின் பின்னால் ஏற்றியாயிற்று. கேட்டருகே கோவர்த்தனன் தணிகாசலத்தை நிறுத்தினார். "எங்கே போகிறீர்கள் பெரியவரே?"

"திருத்தணி பஸ்ஸுக்குங்க."

"ஏறுங்கள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன்."

"போலீஸ் ஜீப் வேணாம்ங்க, பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க," என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் வெயிலில் நடந்தார்.