மீன்கடைக்கு வந்த கடற்பாசி

"ஐயோ... என்ர பாசி!"

பின்கதவில் நின்று அலறியவளை டெனிஸ்டன் திரும்பிப் பார்த்தான். கையில் வெறுங் கூலர்ப் பெட்டி. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்தவன் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை மறந்தே போனான். அது அவனுடைய பூட்சுக்குள்ளேயே பாய்ந்துகொண்டிருந்தது.

"எந்தப் பாசி?"

"இதுக்குள்ள இருந்த பாசி! அயர்லாந்தில இருந்து கொண்டுவந்தனான். மை ஹோல் தீசிஸ்! என்ர முழு ஆராய்ச்சியும்! எங்க அது?"

டெனிஸ்டன் குழாயை மூடினான். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் றெமிஜியஸ் அண்ணையின் மீன்கடையில் அவன் மீன் வெட்டுகிறவன். சிங்கி இறாலான லொப்ஸ்டர் உயிரோடு வரும் பெட்டிகளில் ஈரம் காயாமல் இருக்கக் கடற்பாசியைத் திணித்துத்தான் அனுப்புவார்கள். லொப்ஸ்டரைத் தொட்டியில் விட்டுவிட்டுப் பாசியைக் குப்பையில் கொட்டுவது சனிக்கிழமைக் காலையில் அவனுடைய முதல் வேலை. இன்றைக்குக் குளிர் அறையில் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கூலரும் இருந்தது. திறந்தான். சின்ன வலைப்பைகளில் பாசி. கொட்டினான். அவ்வளவுதான்.

"அது... லொப்ஸ்டர் பாசி எண்டு நினைச்சு..."

"நினைச்சு?"

"எறிஞ்சுபோட்டன்."

அவள் பெயர் செரீனா. நேற்றுப் பின்னேரம் விமானத்தால் இறங்கியபோது பல்கலைக்கழக ஆய்வுகூடம் மூன்று நாள் லோங் வீக்கெண்டுக்குப் பூட்டியாகிவிட்டது. பாசியோ குளிரில் இருக்க வேண்டும். தாய் அன்ரனெற், கோயிலால் பழக்கமான றெமிஜியஸைக் கூப்பிட்டுச் சொல்ல, அவரும் கூலரை வாங்கி வைத்தார். வைத்ததை டெனிஸ்டனிடம் சொல்ல மறந்துபோனார்.

செரீனா வெறுங் கூலரைத் திரும்பவும் திறந்து பார்த்தாள். அவள் அழத் தொடங்குவதற்குள் டெனிஸ்டன் குப்பைத் தொட்டிக்குள் குதித்துவிட்டான்.

மீன்குடல், செதில், அழுகல் நாற்றம், மேலே சோவென்று மழை... முழங்கால்வரை புதைந்து நின்று, வலைப்பைகளை ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்து நீட்டினான். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் வாங்கினாள்.

"சிரிக்காதேங்கோ," என்றான்.

"சிரிக்கேல்ல... உங்கட தலையில ஒரு இறால் கோது."

"இருக்கட்டும். உங்கட பாசி எல்லாம் வந்தாப் பிறகு எடுப்பம்."

இப்போது அவள் உண்மையாகவே சிரித்துவிட்டாள். அழுகையும் மழையும் சிரிப்பும் ஒரே முகத்தில்... இப்படியும் ஒரு முகம் இருக்குமா என்று டெனிஸ்டன் தொட்டிக்குள் நின்றே யோசித்தான்.

பைகளைக் கழுவ உப்புத் தண்ணீர் வேண்டும் என்றாள். லொப்ஸ்டர் தொட்டியிலிருந்து வாளியில் அள்ளிக்கொண்டு வந்தான். பைகளில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை அவள் வாய்விட்டு வாசித்தாள். தொண்டையிலிருந்து புறப்பட்டு நாக்கில் உருளும் சத்தங்கள்.

"உது என்ன பாசை?"

"ஐரிஷ். அயர்லாந்தில கொனமாராப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். வீட்டில, கடையில எல்லாம் இன்னும் உதுதான் கதைக்கினம். கையால பாசி வெட்டுற ஆக்கள். அடியைப் பிடுங்கவே மாட்டினம், ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவினம். விட்டா மூண்டு நாலு வருசத்தில திரும்ப வளந்திடும் எண்டுவினம். அது சரிதானோ எண்டு நான் அளக்கிறன். பாசியைப் பற்றின அவையின்ர பேச்சு, பாட்டு எல்லாம் ரெக்கோர்ட் பண்ணுறன்."

"அடியோட பிடுங்கினா?"

"பிறகென்ன... வெறுங் கல்லுத்தான்."

எல்லாப் பைகளும் கிடைத்தன. "தாங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு ஒரு நொடி அதிகமாகவே அவனைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி போதும் அவனுக்கு... அன்று முழுக்கப் பாரை கேட்டவர்களுக்கெல்லாம் அறக்குளாவை வெட்டிக் கொடுத்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் பாசியைப் பார்க்க வந்தாள். ஆய்வுகூடம் திறந்து பாசி போன பிறகும் வந்தாள், மீன் வாங்க. அந்த ஐரிஷ் கிராமத்தில் ஒரு பாசி வெட்டுகிற அம்மா அவளிடம் கேட்டாவாம், எங்கட பாசையை இவ்வளவு கரைச்சல்பட்டுப் படிக்கிறாய், உன்ர பாசையை ஆரோட கதைக்கிறாய் என்று.

"அதுதான் உங்களோட கதைக்க வாறன். ஜஸ்ட் ப்ராக்டிஸ்," என்றாள்.

"ப்ராக்டிசுக்கோ? அப்ப மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பி."

"இரண்டு கோப்பி. ஒண்டு எனக்கு!"

கோடை முழுவதும் அந்தக் கோப்பிகள் கடையின் பின்பக்கத்து வெயிலில் ஆறிக்கொண்டேயிருந்தன. செப்டெம்பரில் ஒரு வருடத்துக்குக் கொனமாரா திரும்பப் போகிறாள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் போகுமுன் தன் விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று டெனிஸ்டன் நினைத்தான்... சொன்னால் என்ன நினைப்பாள்?

ஓகஸ்டில் பல்கலைக்கழகத்தில் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லி அவனையும் கூப்பிட்டாள். டெனிஸ்டன் அரைநாள் லீவு எடுத்தான். மீன் மணம் போகத் தேசிக்காய்ப் புளியைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினான். இஸ்திரி போட்ட சேர்ட்டுடன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு.

மேடையில் அவள் அழகாகப் பேசினாள். இடையில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்தப் பாசி ரொறொன்ரோவுக்கு வந்த முதல்நாளே குப்பைக்குப் போய்விட்டது. ஒரு மீன்கடைக்காரர் லொப்ஸ்டர் பாசி என்று எறிந்துவிட்டார்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

டெனிஸ்டன் தன் கையை முகர்ந்து பார்த்தான். தேசிக்காயையும் தாண்டி மீன் மணத்தது.

மன்னாரில், பேசாலைக் கடலில் மீசை முளைக்குமுன் வலை இழுத்தவன் அவன். உப்பில் கை வெடித்தது. கனடாவின் பனியிலும் வெடித்தது. அதற்கெல்லாம் அவன் வெட்கப்பட்டதில்லை. ஆனால் அவள் வாயிலிருந்து அந்தச் சிரிப்பு... அதைத் தாங்க முடியவில்லை. கைதட்டல் தொடங்குமுன் வெளியேறிவிட்டான்.

அதன்பிறகு போனை எடுக்கவில்லை. அவள் கடைக்கு வந்தால் குளிர் அறைக்குள் போய் நின்றான்.

"உவள் பிள்ளை எத்தினை தரம் வந்திட்டுப் போறாள்! என்னடா உனக்கு?" என்றார் றெமிஜியஸ்.

"கதைக்க ஒண்டுமில்லை, அண்ணை."

"ஒண்டுமில்லாதவன் ஏன்ரா ஃபிரீசருக்குள்ள நிண்டு விறைக்கிறாய்?"

செப்டெம்பரின் முதல் சனிக்கிழமை. வெளியே மழை. கடை நிறையச் சனம். டெனிஸ்டன் குனிந்தபடியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டான்:

"அம்பத்திரண்டு! என்ன மீன்?"

"விளைமீன்."

நிமிர்ந்தான். அதே நனைந்த முடி. அதே கண்கள்...

"குழம்புக்கோ, பொரிக்கவோ?" குரலை இறுக்கிக்கொண்டான்.

"முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அண்டைக்கு மண்டபத்தில இருந்து நீங்கள் எழும்பிப் போனதைக் கண்டனான்."

"லைன் நிக்குது."

"நிக்கட்டும். அவையும் கேக்கட்டும்." செரீனா வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். நம்பர்ச் சீட்டை உயர்த்திப் பிடித்தாள். குரலையும் உயர்த்தினாள். "அன்ரிமார், அங்கிள்மார்... என்ர ஆராய்ச்சிப் பாசியை இவர் குப்பையில எறிஞ்சது உண்மை. ஆனா அந்தக் குப்பைக்குள்ள குதிச்சு, மழையில நனைஞ்சு, ஒவ்வொரு பையா எடுத்துத் தந்ததும் இவர்தான். யூனிவேர்சிற்றியில பாதிக் கதைதான் சொன்னனான். ஆக்கள் சிரிச்ச உடன எனக்குச் சந்தோசத்தில புளுகம் வந்திட்டுது. மிச்சத்தை மறந்து... இல்லை, மறக்கேல்ல. சொல்லேல்ல. பிழை என்ரதான்."

அடுத்த நம்பரைப் பிடித்துக்கொண்டு நின்ற வேரோனிக்கா அன்ரி மூக்கைச் சுழித்தார்.

"அப்ப குப்பைக்குள்ள குதிச்ச கையாலயோ எனக்கு மீன் வெட்டுறான்?"

"அன்ரி, அது மே மாசம். பிறகு குளிச்சிட்டன்!"

கடையே சிரித்தது. டெனிஸ்டனும் சிரித்துவிட்டான். தன்னைப் பற்றிய சிரிப்புத்தான். இந்த முறை குத்தவில்லை.

செரீனா கண்ணாடித் தட்டுக்கு மேலால் எட்டி, மெதுவாகக் கேட்டாள்.

"அடியோட பிடுங்கிப்போட்டனோ?"

அவன் விளைமீனைத் தராசில் வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான்.

"வெட்டுப்பட்டதுதான்... ஆனா அடி இருக்கு."

அவள் கண்கள் நிறைந்தன. "எனக்கு உங்களில விருப்பம், டெனிஸ்டன். புதன்கிழமை போறன். ஒரு வருசத்தில திரும்பி வருவன். நீங்கள் இருப்பீங்களோ?"

"நான் எங்க போறது? உம்மை முதல் கண்ட அண்டைக்குப் பூட்சுக்குள்ள தண்ணி போனதே எனக்குத் தெரியேல்ல..."

'நீங்கள்' என்ற மரியாதை போய் 'உம்மை' என்ற நெருக்கம் வந்ததை அவள் கவனித்தாள். கன்னம் சிவந்தது.

"அப்ப நான் சொன்னதை நீங்களும் சொல்லுங்கோ."

"இதுக்குள்ளயோ? இவ்வளவு சனத்துக்க..."

"சொல்லித் துலையன், தம்பி!" என்றார் வேரோனிக்கா அன்ரி. "என்ர மீன் பழுதாப் போகுது!"

"விருப்பம்தான்!" கத்தியே விட்டான். "எனக்கு இவவில விருப்பம். இவ்வளவும் காணுமோ, அன்ரி?"

றெமிஜியஸ் கல்லாவில் இருந்து கைதட்டினார். டெனிஸ்டன் காது மடல்வரை சிவந்து, கத்தியைத் தேடினான். கத்தி கையிலேயே இருந்தது.

"சரி, இப்ப சொல்லும். குழம்புக்கோ, பொரிக்கவோ?"

"எனக்குத் தெரியாது. இண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா சொன்னவ. அந்த ஆளைத்தான் கேக்க வேணும்."

டெனிஸ்டன் மீனைப் பலகையில் கிடத்தினான். அவளைப் பார்த்துக்கொண்டே, கை தவறாமல், பெரிய துண்டுகளாக வெட்டத் தொடங்கினான்.

"குழம்புக்கு."