நீலமேறாத குழாய்

திங்கட்கிழமை மாலை 5.10. கராஜ் ஷட்டரின் அடியில் இரும்பு அலவாங்கைக் கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு நெம்பினான் பழனியாண்டி. மூன்றாவது நெம்பலில் உள்பக்கத் தாழ்ப்பாள் பிய்ந்தது. அடியில் இடைவெளி தெரியாமல் திணித்திருந்த ஈரச் சாக்குகள் ஷட்டரோடு சேர்ந்து நகர்ந்தன. உள்ளே, பழைய மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், குட்டை ஸ்டூலிலிருந்து சரிந்த வாக்கில் ஹலீம் கிடந்தான். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. தூங்குகிறான் என்றுதான் பழனியாண்டி முதலில் நினைத்தான். தொட்டுப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

முன் சில்லின் அருகில் தங்கநிறப் பெயின்ற் டின் ஒன்றும் மெல்லிய தூரிகை ஒன்றும் கிடந்தன. வேறு எதுவும் இல்லை. கறுப்பு டேங்கில் தங்கக் கோடு பாதி வரை வந்து நின்றிருந்தது. முன்விளக்கு கிளாம்பிலிருந்து தளர்த்தப்பட்டு, வீதியைப் பார்க்க வேண்டியது டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி வளைத்துப் பூட்டிக் கொடுத்த எவர்சில்வர் புகைக்குழாய் வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

பின்னால் நின்ற ஹபீலா ஹலீமின் மனைவி. பெற்றோல் வரிசையில் முறை வைத்து மூன்று நாள் நின்று, வெறும் கேனோடு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். கராஜ் திறக்கவில்லை, தட்டியும் பதில் இல்லை என்று தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பழனியாண்டியைக் கூட்டி வந்தவளும் அவள்தான். அவள் கேனைக் கீழே வைத்தாள்.

5.50க்குப் பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம். சாவி ஓனில் இருந்ததை அவர் பார்த்தார். பற்றரி செத்திருந்தது. டேங்கில் சொட்டுப் பெற்றோல் இல்லை. முன் சில்லின் பக்கத்தில் இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று பெற்றோல் வாடையோடு காலியாகக் கிடந்தது. கதவிடுக்கில் சாக்கு வேறு. மறுநாள் பேராதனை ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் எஞ்சின் புகையின் விஷம் ஏறியிருந்தது.

அது 2022 ஜூன் மாதம். நாடே படுத்துக் கிடந்தது, தினமும் இரண்டு மணிக்குக் கரண்டையும் வெட்டினார்கள். பெற்றோல் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்துபவனுக்கு என்ன வேலை? 'இனி இந்த நாட்டில ஒண்டும் ஓடாது' என்று ஹலீம் சாய்க்கடையில் சொன்னதைக் கேட்டவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். பூட்டிய அறை, ஓடித் தீர்ந்த எஞ்சின், வெறுத்துப்போன மனிதன். கணக்கு நேராக இருந்தது. ஜனாஸாத் தொழுகைக்கு வந்தவர்களை விட, வராமல் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் அதிகம். தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவன் என்று கட்டுகஸ்தோட்டை ஊரே முடிவு கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மரண விசாரணையில் அதையே எழுதிவிட்டால், பள்ளிக்கூடம் போகும் அவனுடைய மகள் ஆயுளுக்கும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதுதான்.

வியாழன் காலை 9.40. கணவன் இறந்ததால் அந்நிய ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருந்த ஹபீலா திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"அவர் அப்பிடிச் செய்யல்ல பழனியண்ணன். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்டு செல்லி என்னா? கடதாசியில வேற தானே எழுதப் போறாங்க."

எழுத விடமாட்டேன் என்று பழனியாண்டி வாக்குக் கொடுத்தான். அவன் ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் டவுனுக்கு வந்து, இரும்போடு மாரடித்தே நாற்பதைத் தாண்டியவன். துப்பறிவதெல்லாம் அவன் தொழில் இல்லை. ஆனால் அந்த மோட்டார் சைக்கிளை அவனுக்குத் தெரியும். ஹலீமின் வாப்பா ஜமால்தீன் அந்தக் காலத்தில் ஹுன்னஸ்கிரிய தோட்டங்களுக்குச் சீலை மூட்டை கட்டிக்கொண்டு போன ஹொண்டா அது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட். கோழி அடைந்து கிடந்த அதை மூன்று வருடமாக ஹலீம் உயிர்ப்பித்தான். எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டினான். ஹேண்டிலைத் தாழ்த்தி, மிதிகட்டையைப் பின்னுக்குத் தள்ளி, நீள சீற்றை வெட்டி ஒற்றை சீற் ஆக்கினான். கஃபே ரேசர் என்று பெருமையாகச் சொன்னான். ஒரு ஆள் மட்டும் இருக்கிற பைக்கில் பொஞ்சாதியை எங்கே ஏற்றுவாய் என்று ஜமால்தீன் மகனைக் கேலி செய்வார். வெள்ளிக்கிழமை அவர் கையால் சாவி போட்டு முதல் தடவையாக எஞ்சினை எழுப்புவது என்றிருந்தது. அதற்காக ஒரு சோடாப் போத்தல் நிறையப் பெற்றோலைக் குசினியில் ஒளித்து வைத்திருந்தான். பெயின்ற் வேலை நடக்கும் கராஜில் பெற்றோல் வைக்க ஹபீலா விடமாட்டாள்.

பழனியாண்டி கராஜுக்குள் போய்க் குந்தினான். புகைக்குழாயை எஞ்சின் வாயருகே விரலால் தடவினான். பிறகு எழுந்து, ஆணிகளில் தொங்கிய சாவிகளையும் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கராஜின் பின்சுவரில் காற்றாடி பொருத்திய வட்ட ஓட்டை இருந்தது. பெயின்ற் வாடையை வெளியே தள்ளும் காற்றாடி அது. சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் ஒரு ஆள் சரிந்துதான் போகலாம். சட்டையெல்லாம் சேறாகப் போனான். கூரை நீண்டிருந்த இடத்தில் மழை படாமல் தரை காய்ந்திருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. தரையில் நான்கு ரப்பர் கால்களின் தடம் இருந்தது.

11.15. ஹலீமை நானா என்று கூப்பிடும் தங்கை றம்லத் குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்யாணம் முறிந்து வீட்டோடு வந்தவள். நுரையீரல் கெட்டுப்போன வாப்பாவை இரண்டு வருடமாக இராப்பகலாகப் பார்த்துக்கொள்பவள். காற்றிலிருந்து ஒக்சிஜன் பிரிக்கும் மெஷினோடுதான் ஜமால்தீனின் மூச்சு. மெஷின் நின்றால் அரைமணியில் உதடு நீலம் பாய்ந்துவிடும். கரண்ட் போகும் நேரத்துக்கென்று ஒரு சிலிண்டரும் சின்ன ஜெனரேட்டரும் வீட்டில் இருந்தன.

"திங்கக்கிழம ரெண்டு மணிக்குக் கரண்ட் போனப்ப வாப்பாவுக்கு என்ன செஞ்சீங்க தங்கச்சி?"

"சிலிண்டர் போட்டேன்."

"ஜெனரேட்டர்?"

"பெற்றோல் ஏது?"

"சிலிண்டர யாரு தொறந்தது?"

"நான்தான்."

அவள் நிமிரவில்லை. அவன் உள்ளறைக்கு நடந்தான்.

11.30. ஜமால்தீன் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. சிநேகிதனின் தகப்பனை பழனியாண்டியும் வாப்பா என்றே கூப்பிடுவான். திங்கட்கிழமை ஏதாவது சத்தம் கேட்டதா என்று காதருகே குனிந்து கேட்டான்.

"எப்பிடி மவன் கேக்கும்? பகல் தூங்கி எழும்பினதிலயிருந்து இந்த மெஷின் நிக்கவே இல்ல. நின்டிருந்தாலாவது அவன் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருக்கும்."

கட்டிலின் கால்மாட்டில் ஒக்சிஜன் சிலிண்டர் நின்றது. பழனியாண்டிக்கு ஒக்சிஜன் சிலிண்டர் தினமும் கட்டிப் புரளும் பொருள். வால்வின் கழுத்தைப் பார்த்தான். நிரப்பிய இடத்தில் சுற்றிய பிளாஸ்டிக் முத்திரை பிய்க்கப்படாமல் அப்படியே இருந்தது. வால்வைத் திறக்கும் சாவியை அவன் சற்று முன்தான் கராஜின் ஆணியில் பார்த்திருந்தான்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். ஹலீமின் பெயரைக் கழுவத்தான் வந்தான். கழுவுகிற தண்ணீர் யார் தலையில் விழும் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

1.40. சொல்லியனுப்பியதற்கு மயில்வாகனம் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். பொலிஸ் ஜீப்புக்கும் பெற்றோல் இல்லை. முன்னறையில் இரண்டு கதிரை போட்டார்கள். அடுத்த அறையில் மெஷின் இரைந்தது, அதனால் நோயாளிக்குக் கேட்காது என்று பழனியாண்டி தைரியமாகக் குரலை உயர்த்திப் பேசினான். திரைக்குப் பின்னால் ஹபீலா நின்றாள். றம்லத் குசினி நிலையில் சாய்ந்திருந்தாள்.

"அந்த எஞ்சின் ஓடவே இல்லீங்க. எவர்சில்வர் குழாய் சூடு பட்டா நெறம் மாறும். அஞ்சு நிமிஷம் ஓடுனாப் போதும், எஞ்சின் வாய்கிட்ட மஞ்சளாகி நீலம் ஏறிடும். அந்த நீலத்தப் பாக்கணும்னுதான் ஹலீம் குழாய்க்குத் துணி சுத்த வேணாம்னான். இப்பப் போய்ப் பாருங்க. நான் குடுத்தப்ப இருந்த வெள்ளை அப்படியே இருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்து, சாவி ஓனில் இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்டார். மீதியையும் பழனியாண்டி சொன்னான். தங்கக் கோடு காயுமட்டும் தூசி விழக்கூடாது. கோடு இழுக்கிறவன் ஷட்டரை மூடி, அடியில் ஈரச் சாக்கு வைத்துத்தான் வேலை பார்ப்பான். அந்த நேரம் யாரும் கதவு தட்டக்கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். கரண்ட் போனதும் வெளிச்சத்துக்கு முன்விளக்கைத் திருப்பிச் சாவியைப் போட்டிருக்கிறான். பற்றரி செத்தது அதனால்தான். சோடாப் போத்தலோ, ஷட்டரை நெம்பியபோது அங்கே இல்லை. பொலிஸ் வருவதற்குள் அதை யாரோ வைத்திருக்கிறார்கள்.

"ஓம், விளங்குது," என்றார் மயில்வாகனம். அவரும் மெஷினுக்கு மேலாகக் குரலை ஏற்ற வேண்டியிருந்தது. "ஆனா புகை எங்கயிருந்து வந்தது? அதைச் சொல்லாமல் நான் என்னெண்டு எழுதுறது?"

பழனியாண்டி குசினி நிலையைப் பார்த்தான். சொல்லாதே என்று றம்லத்தின் கண்கள் கெஞ்சின. திரைக்குப் பின்னால் ஒரு வளையல் அசைந்தது. ஹபீலாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் கூட இல்லை. சிலிண்டரின் முத்திரையைச் சொன்னான், சுவரின் கரியைச் சொன்னான். காற்றாடி கரண்ட் இல்லாமல் நின்றிருக்கிறது, ஓட்டை திறந்திருக்கிறது, தின்னர் வாடையில் புகை வாடை ஹலீமுக்குத் தெரிந்திருக்காது. சிலிண்டர்ச் சாவி மூடிய கராஜுக்குள். கதவு தட்டக்கூடாது. வாப்பாவுக்கு மூச்சு முட்டப் போகிறது. குசினியில் இரண்டு லீற்றர் பெற்றோல் இருந்தது. வெளியே மழை, நனையாத இடம் கராஜின் பின்பக்கம் மட்டும். சொல்லச் சொல்ல அவன் குரல் இன்னும் உயர்ந்தது.

மணி இரண்டானதை அவன் கவனிக்கவில்லை.

"வாப்பாவுக்கு மூச்சுக் குடுத்த அதே ஜெனரேட்டர்தாங்க ஹலீமக் கொன்னது. அதப் போட்டது றம்லத்."

முதல் பாதியில் மெஷின் இரைச்சல் இருந்தது. பாதியில் கரண்ட் போயிற்று. வீடு முழுக்க அவன் குரல் மட்டும் கேட்டது. உள்ளறையிலும்தான்.

றம்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஷட்டரத் தொறந்ததும் எனக்கு விளங்கிட்டுது," என்றாள். "அந்த வெறும் போத்தல உள்ள வச்சது நான்தான். நானா மவ்த்தாகிட்டார். இனி அவருக்கு யார் என்னா செல்லி என்னா? வாப்பாவுக்குத் தெரிஞ்சா மெஷின் போட விடமாட்டார். மிச்சமிருக்கிறவரையாவது வச்சிக்கிடணும்டு, நானாட பேர நான் வித்திட்டேன்."

உள்ளேயிருந்து ஜமால்தீன் கூப்பிட்டார். மகளை அல்ல, பழனியாண்டியை. அவன் போய்க் கட்டிலருகே நின்றான். அவருக்கு ஏற்கெனவே இரைக்கத் தொடங்கியிருந்தது.

"அப்ப, அன்டைக்கு நான் இழுத்தது... அவன்ட மூச்சயா மவன்?"

றம்லத் ஜெனரேட்டர் பக்கம் ஓடினாள். பெற்றோல் இல்லை என்பது பாதி வழியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் ஆணியிலிருந்த சாவியைக் கொண்டு வந்து, முத்திரையைப் பிய்த்து, சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினான். அரை நிமிட வேலை. திங்கட்கிழமை இந்த அரை நிமிட வேலைக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். குழாயை மூக்கில் வைத்தான். கிழவர் அதை எடுத்துத் தலையணையில் வைத்தார். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தார். கோபமில்லாமல், பொறுமையாகத்தான் எடுத்தார்.

முன்னறையில் மயில்வாகனம் எழுதிக்கொண்டிருந்தார். விபத்து என்றே எழுதுவதாகவும், போத்தல் விஷயத்துக்காக றம்லத்திடம் பிறகு ஒரு வாக்குமூலம் வாங்க வேண்டும் என்றும் திரையைப் பார்த்துச் சொன்னார். ஹபீலா கேட்டது கிடைத்துவிட்டது.

பழனியாண்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கிழவரின் இரண்டு கைகளையும் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் குழாயை மூக்கோடு வைத்துப் பிடித்துக்கொண்டான். ஜமால்தீனுக்குத் திமிறப் பலம் இல்லை. விடு என்று கண்ணால் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் விடவில்லை, அழுதுகொண்டே பிடித்திருந்தான். 4.20க்குக் கரண்ட் வந்து மெஷின் இரையத் தொடங்கும் வரை பிடித்திருந்தான். நாளைக்கும் இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்.