வீட்டார் = 3

பொழுது சாயும் நேரத்தில் கதவு தானாகப் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டு சசிகலா அடுப்பைக் குறைத்தாள். கணவன் மதியழகன் தொப்பூர் மலைப்பாதையில் லாரி மோதி இறந்துபோன பிறகு அந்தப் பூட்டு ஒருநாளும் தானாக விழுந்ததில்லை. இண்டூரில் இந்த வீட்டுக்கு அவள்தான் தினமும் தாழ்ப்பாள் போடுவாள்.

பூட்டுக்கான நிரலை எழுதியது அவன். வாசல் நிலையிலுள்ள கருவி, உள்ளே எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 'வீட்டார் = 3' என்ற மாறிலியோடு அது ஒத்துப்போனால் பூட்டும், இல்லையென்றால் திறக்கும். அது ஃபங்ஷனல் மொழி. ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். ஓடும் நிரல் அதை மாற்றாது. சசிகலாவுக்கும் நிரல் எழுதும் வேலைதான். ஆனாலும் மூன்றை இரண்டாக்க இத்தனை நாள் மனம் வரவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று மூன்றாகவே இருந்தது. மாறிலி மாறாது. அப்படியென்றால் மாறியது மற்ற எண், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை.

கருவியில் புழுதி அடைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் குழம்பு வாசனையைத் தாண்டி, ஈரத் துணியும் டீசலும் கலந்த ஒரு வாடை கூடத்திலிருந்து மெல்ல வந்து, மின்விசிறிக் காற்றில் கலைந்து, மறுபடி கூடி, அவள் பின்னங்கழுத்தருகே நின்றது. பயம்கூட வரவில்லை. மகளை வெளியே கொண்டுபோக வேண்டும், அது மட்டும் தோன்றியது.

"அம்மா, கதவு தொறக்க மாட்டேங்குது," என்றாள் காவியா.

"இரு கண்ணு. சித்தி வூட்டுக்குப் போலாம்."

மூன்றை அழித்து இரண்டு என்று எழுதினாள். கம்பைல் செய்து ஓடவிட்டாள்.

பூட்டு விலகியது.

உள்ளே இரண்டு பேர்தான் என்றால் அது விலகியிருக்காது. அதை யோசித்துக்கொண்டு அவள் நிற்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். கூடம். வாடை. வாசல்படி.

"அம்மா, என் செருப்பு..."

கை நழுவியது. சசிகலா வெளியே. காவியா உள்ளே.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

உள்ளே இப்போது இரண்டு பேர். அவள் எழுதியதும் இரண்டுதான்.

மடிக்கணினி உள்ளே. தட்டினாள். கத்தினாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரு குரல் தாழ்வாக எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. நடுநடுவே காவியா 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.